வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் என்ன டவுன்?

புதுச்சேரிக்காரன் என்று சொன்னதும் வெளியூர் நண்பர்கள் கேட்கும் கேள்விகள் இரண்டுதான். காலேஜில் சேர்ந்த நாளிலிருந்து இன்றைக்கு வரை மாறவில்லை. ஒன்று, ‘பாட்டில் என்ன விலை?’ இன்னொன்று, ‘ஒயிட் டவுன்ல எங்க தங்கலாம்?’

முதல் கேள்வியில் எனக்குக் கோபமில்லை. அங்கே வரி குறைவு, அதனால் விலை குறைவு. அண்டை மாநிலத்துக்காரர்கள் எல்லை தாண்டி வந்து குடித்துவிட்டுப் போகிறார்கள். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. பாட்டில் தன்னைப் பண்பாடு என்று சொல்லிக்கொள்வதில்லை.

இரண்டாவது கேள்விதான் வயிற்றைப் பிசைகிறது. கேட்பவன் நல்லவன். அம்பேத்கர் படித்தவன், ஆதிக்கம், காலனியம் என்றெல்லாம் வாரத்துக்கு நாலு ஸ்டேட்டஸ் போடுபவன். அவன்தான் எந்தக் கூச்சமும் இல்லாமல் ‘ஒயிட் டவுன்’ என்கிறான். விடுதி போர்டில் அந்தப் பெயர், புக்கிங் ஆப்பில் அந்தப் பெயர், மேப்பில் அந்தப் பெயர், கல்யாணத்துக்கு முந்தைய போட்டோஷூட்டின் ஹேஷ்டேகிலும் அதே பெயர். பயணிகளிடம் எங்கள் ஊருக்கு இருக்கும் புகழ் மொத்தத்தையும் இந்த இரண்டு சொல்லுக்குள் அடக்கிவிட்டார்கள்.

அந்தப் பெயரைக் கைவிட வேண்டும் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கட்டடங்களை இடிக்கச் சொல்லவில்லை, காப்பிக் கடைகளை மூடச் சொல்லவில்லை. பெயரை மட்டும்.

*

முதலில் என் தொழிலிலிருந்து ஒரு விஷயம். நாங்கள் கோடு எழுதும்போது அனுமதிக்கப்பட்டவற்றின் பட்டியலை ‘ஒயிட்லிஸ்ட்’ என்றும் தடுக்கப்பட்டவற்றின் பட்டியலை ‘பிளாக்லிஸ்ட்’ என்றும் பல காலம் சொல்லிவந்தோம். 2020-ல், அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு, இந்தச் சொற்கள் கேள்விக்குள்ளாயின. லினக்ஸ் கெர்னல் திட்டம் அந்த ஆண்டு ஜூலையில் புதிய கோடில் இவற்றைத் தவிர்க்கச் சொன்னது. ‘மாஸ்டர்’ என்று இருந்த டீஃபால்ட் பிராஞ்சை கிட்ஹப் அக்டோபரிலிருந்து ‘மெயின்’ என்று மாற்றியது. எங்கள் டீமிலும் ஒரு ஸ்பிரிண்ட் முழுக்க இதே வேலைதான். பழைய கோடில் ‘ஒயிட்லிஸ்ட்’ என்று இருந்த இடத்திலெல்லாம் ‘அலோலிஸ்ட்’ என்று மாற்றினோம். வெறும் வேரியபிள் பெயருக்கா இவ்வளவு என்று முணுமுணுத்தவர்களும் மாற்றத்தான் செய்தார்கள்.

அதே டீம்தான் அடுத்த அவுட்டிங்குக்கு ‘ஒயிட் டவுன்’ல ரூம் போட்டது. ஒருத்தருக்கும் உறுத்தவில்லை.

ஒயிட்லிஸ்ட் என்ற சொல்லுக்கும் தோலின் நிறத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டா இல்லையா என்று வாதாடவாவது இடமிருந்தது. ஒயிட் டவுன் விஷயத்தில் அந்த வாதத்துக்கே இடமில்லை. சுவருக்கு வெள்ளை அடித்ததால் வந்த பெயர் அல்ல அது. சுவர்கள் மஞ்சள். வெள்ளைத் தோல்காரர்கள் வாழும் பகுதி என்பதுதான் பொருள், வேறு பொருளே கிடையாது.

*

ஊரைத் தெரியாதவர்களுக்காக நில அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியின் பழைய நகரம் முட்டை வடிவம். அதைச் சுற்றி ஓடும் சாலைகளுக்கு புல்வார் என்று பெயர். உள்ளே வடக்கு தெற்காகப் பெரிய வாய்க்கால் ஓடுகிறது. அதை ஒட்டித்தான் செஞ்சி சாலை. வாய்க்காலுக்குக் கிழக்கே கடல் வரையுள்ள தெருக்கள் ஐரோப்பியர் வாழ்ந்த பகுதி, பிரெஞ்சில் ‘வீல் பிளான்ஷ்’, வெள்ளை நகரம். மேற்கே இருந்தது ‘வீல் நுவார்’, கறுப்பு நகரம். நெசவாளிகளும் வணிகர்களும் தச்சர்களும் சமையல்காரர்களும் துபாஷிகளும் அங்கே இருந்தார்கள். ஊரின் பெரும்பகுதி அதுதான்.

இரண்டு பெயர்களும் ஜோடியாகப் பிறந்தவை. ஒன்றில்லாமல் இன்னொன்றுக்கு அர்த்தமில்லை. இன்றைக்கு அந்த ஜோடியில் ஒன்றை மட்டும் எடுத்துத் துடைத்துப் பளபளப்பாக்கி விற்கிறோம். மற்றொன்றை யாரும் வாயில் எடுப்பதில்லை. மேற்குப் பக்கத்தில் ஒரு பழைய முற்றத்து வீட்டை விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். திண்ணை, தாழ்வாரம், மரத்தூண் எல்லாம் உண்டு. அதன் விளம்பரத்தில் முதல் வரி என்ன தெரியுமா? ‘ஒயிட் டவுனுக்கு ஐந்து நிமிட நடை.’ தான் நிற்கும் தெருவின் பெயரைச் சொல்லக்கூட அந்த வீட்டுக்கு வாய் வரவில்லை.

‘இது வரலாற்றுப் பெயர் பாஸ், வரலாற்றை அழிக்கக் கூடாது’ என்பவர்களுக்கு என் பதில் எளிது. சரி, அழிக்க வேண்டாம். முழுசாகப் போடுங்கள். கிழக்கே ‘ஒயிட் டவுன்’ என்று போர்டு வைத்தால் மேற்கே ‘பிளாக் டவுன்’ என்று வையுங்கள். நேரு வீதியில் துணிக்கடை வைத்திருப்பவர் விசிட்டிங் கார்டில் ‘பிளாக் டவுன், புதுச்சேரி’ என்று அச்சடிக்கட்டும். பெருமாள் கோவில் வீதிக்காரர் ஆதாரில் அப்படிப் போட்டுக்கொள்ளட்டும். மாட்டார்கள், போடவும் கூடாது. அவமானம் என்று நமக்கே தெரிகிறது. அப்படியென்றால் அதன் மறுபாதி மட்டும் எப்படிப் பெருமையாகிறது?

சென்னையிலும் இந்த ஜோடி இருந்தது. கோட்டைக்குள் ஒயிட் டவுன், கோட்டைக்கு வெளியே பிளாக் டவுன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜின் பெயரை வைத்து பிளாக் டவுனை ஜார்ஜ் டவுன் ஆக்கினார்கள். ராஜாவுக்கு ஐஸ் வைக்கத்தான் செய்தார்கள், இருந்தாலும் அந்தப் பழைய பெயர் ஒழிந்தது. இன்றைக்கு சென்னையில் ஒரு ஆட்டோக்காரரிடம் போய் ‘ஒயிட் டவுன் போகணும்’ என்று சொல்லிப்பாருங்கள். வெள்ளைக்காரன் அமைச்ச ஊர்கள்ல நாங்க மட்டும்தான் அந்தப் பெயரை மெனு கார்டுல போட்டு விக்கிறோம்.

*

அடுத்த பேச்சு, ‘பிரெஞ்சு’. பெயரை விடு, அந்தப் பகுதி பிரெஞ்சு நகரம்தானே என்பார்கள். கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

கோடு போட்ட மாதிரி நேரான தெருக்களைப் பார்த்து ‘என்ன ஒரு பிரெஞ்சு பிளானிங்!’ என்று வியக்காத பயணக் கட்டுரை கிடையாது. டச்சுக்காரர்கள் 1693-ல் புதுச்சேரியைப் பிடித்து 1699 வரை வைத்திருந்தார்கள். இந்த நேர்க்கோட்டுத் தெருத்திட்டம் அந்தக் காலத்து டச்சு வரைபடங்களில் வருகிறது. இதை எடுத்துக்காட்டியவர் ழான் தெலோஷ், புதுச்சேரியிலேயே இருந்து ஆய்வு செய்த பிரெஞ்சுக்காரர். 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துக் கோட்டையையும் ஐரோப்பியர் பகுதியையும் தரைமட்டமாக்கினார்கள். 1765-ல் ஊர் திரும்பக் கிடைத்த பிறகு கட்டியதுதான் இன்று நாம் பார்ப்பதன் அடிப்படை. அதன் பிறகும் ஊர் இரண்டு தடவை ஆங்கிலேயர் கைக்குப் போய், 1816-ல்தான் நிரந்தரமாகப் பிரெஞ்சுக்காரர்களிடம் வந்தது. நீங்கள் சாய்ந்து நின்று போட்டோ எடுக்கும் சுவர் பெரும்பாலும் அதற்கும் பிந்தியது.

அந்தச் சுவரைக் கட்டியது யார்? சுண்ணாம்பு அரைத்தது, தேக்கு உத்திரம் ஏற்றி அதன்மேல் செங்கல்லைச் சாய்வாக அடுக்கி மெட்ராஸ் டெரஸ் போட்டது எல்லாம் மேற்கே இருந்து வாய்க்காலைத் தாண்டி வேலைக்கு வந்தவர்கள். வேலை முடிந்ததும் திரும்பிப் போனவர்கள்.

கடற்கரையில் கம்பீரமாக நிற்கிறதே மேரி கட்டடம், பழைய நகராட்சி அலுவலகம், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம் என்று வழிகாட்டிகள் சொல்வார்களே, அது 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்துவிட்டது. இப்போது நிற்பது அதே மாதிரி புதிதாகக் கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தது. நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள், எனக்கு அதில் குறையில்லை. ஆனால் ‘அப்படியே ஃபிரான்ஸ்ல நிக்கிற ஃபீல்’ என்று அதன் முன்னால் நின்று ரீல் போடுகிறவர்களின் போனைவிட அந்தக் கட்டடத்துக்கு வயது குறைவாக இருக்கலாம்.

அதே ‘வெள்ளை’ நகரத்துக்குள்தான் மணக்குள விநாயகர் கோவில் இருக்கிறது. பாரதி விநாயகர் நான்மணிமாலை பாடியது அந்தப் பிள்ளையாரைத்தான். பாரதி பூங்கா நடுவில் வெள்ளையாக நிற்கிறதே ஆயி மண்டபம், புதுச்சேரி அரசின் சின்னமே அதுதான். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த நினைவாகக் கட்டியது. அதன் பெயர் மட்டும் ஆயி என்ற தாசியுடையது. கிருஷ்ணதேவராயர் அவள் மாளிகையைக் கோவில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டு, உண்மை தெரிந்ததும் இடிக்கச் சொன்னாராம். நானே இடித்துக்கொள்கிறேன் என்று இடித்து அந்த இடத்தில் குளம் வெட்டினாளாம் ஆயி. வாய்வழிக் கதைதான். ஆனாலும் கிரேக்கத் தூண் வைத்த பிரெஞ்சுக் கட்டடத்துக்குத் தமிழ்த் தாசியின் பெயரை வைத்த ஊரை ‘வெள்ளை’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிட எப்படித்தான் மனசு வருகிறது?

*

1761 இடிப்புக்குத் தப்பிய வீடுகளில் ஒன்று இன்றும் நிற்கிறது. அது வாய்க்காலுக்கு மேற்கே இருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு. கீழே நம் முற்றத்து வீடு, மேலே ஐரோப்பியத் தூண்கள். துய்ப்ளெக்ஸின் தலைமைத் துபாஷியாக இருந்த பிள்ளை 1736-லிருந்து 1761-ல் சாகும்வரை எழுதிய நாட்குறிப்புதான் அந்தக் காலத்துப் புதுச்சேரிக்கு நம்மிடம் இருக்கும் பெரிய சாட்சி. பிரபஞ்சன் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்ற இரண்டு நாவல்களையும் அந்தக் காலத்தை வைத்துத்தான் எழுதினார்.

பயணிகளின் புதுச்சேரியில் இல்லாத எல்லாமே அந்த நாட்குறிப்பில் இருக்கிறது. ஆட்களை ஏமாற்றிக் கொண்டுவந்து அடிமைகளாகக் கப்பலேற்றிய விவகாரம் இருக்கிறது. 1748-ல் வேதபுரீசுவரர் கோவிலை இடித்த நாட்களின் பதற்றம் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. ‘வெள்ளைக்காரன் கெட்டவன், நாமெல்லாம் ஒன்று’ என்று யாரும் இந்தக் கட்டுரையைப் படித்துவிடக் கூடாது என்பதற்காகவே அதைச் சொல்ல வேண்டும். மாதா கோவிலை இன்றும் எங்கள் ஊரில் சம்பா கோவில் என்பார்கள். சான் போல் என்ற பெயர் தமிழ் வாயில் சம்பா ஆனது. அங்கே கோவிலுக்குள்ளேயே ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் பறையர் கிறிஸ்தவர்கள். 1745-ல் பறையர் கிறிஸ்தவர்கள் திரண்டு போய்ப் பாதிரியிடம் நியாயம் கேட்க, சுவர் இடிக்கப்பட்டது என்று பிள்ளை குறித்துவைத்திருக்கிறார். அவருக்கு அதில் சந்தோஷம் ஒன்றுமில்லை. கறுப்பு நகரத்துக்குள்ளும் வாய்க்கால்கள் இருந்தன. தெருவுக்கு ஒரு சாதி, ஒரு மதம். வைசியாள் வீதி, வெள்ளாள வீதி, முல்லா வீதி என்று பெயர்ப் பலகைகளே சொல்லும். ஆகவே ஒயிட் டவுன் என்ற போர்டை இறக்கிவிட்டு அந்த ஆணியிலேயே ‘நம் பொற்காலத் தமிழ் நகரம்’ என்று இன்னொரு போர்டை மாட்டுவதற்கு நான் வரவில்லை. மனிதரைப் பிரித்துவைத்த கோட்டைச் சுற்றுலாச் சரக்காக்குவதைத்தான் எதிர்க்கிறேன். அந்தக் கோட்டை யார் போட்டிருந்தாலும் சரி.

*

பிரெஞ்சு என்ற சொல்லுக்கு இந்த ஊரில் உண்மையான கனம் உண்டு. குரோசாந்துக்கும் போகன்வில்லாவுக்கும் அப்பால் அது கிடக்கிறது. சில உதாரணங்கள் மட்டும் சொல்கிறேன்.

1873-ல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற தமிழ் வழக்கறிஞர் ஐரோப்பியக் காலணியோடு நீதிமன்றத்துக்குள் போனார். அதற்காக அவரை வாதாட விடவில்லை. அவர் பாரிஸின் உயர்ந்த நீதிமன்றம் வரை போய் வென்று வந்தார். 1881-ல் இந்தியர்கள் தங்கள் சாதி, மதச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வரலாம் என்று ஆணை வந்தபோது அதற்கு முன்நின்றவரும் அவரே. அப்போது அவர் எடுத்துக்கொண்ட குடும்பப் பெயர் லபோர்த். வாசல் என்று அர்த்தம். சமத்துவம் என்று பாரிஸில் சொன்னதை இங்கே நிறைவேற்று என்று சட்டையைப் பிடித்துக் கேட்ட மனிதர். கேட்டதற்குப் பலன்? சில ஆண்டுகளிலேயே வாக்காளர் பட்டியலை மூன்றாகப் பிரித்தார்கள். ஐரோப்பியருக்கு ஒன்று, சட்டம் துறந்தவர்களுக்கு ஒன்று, மற்ற இந்தியருக்கு ஒன்று.

1848-ல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். 1853-ல் மார்த்தினிக்குக்கும் 1854-ல் குவாதலூப்புக்கும் முதல் இந்தியக் கூலிகளைக் கொண்டுபோன கப்பலின் பெயர் ஒரேலி. ரெயூனியனிலும் கரீபியத் தீவுகளிலும் இன்றைக்கும் மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டு, தமிழ் மறந்து, தமிழ்ப் பெயர்களைப் பிரெஞ்சு எழுத்தில் சுமந்துகொண்டு ஒரு ஜனம் இருக்கிறது. நீங்கள் கால் நீட்டி உட்கார்ந்து அலை பார்க்கும் அதே கடல்தான் அது.

கடற்கரையிலேயே முதல் உலகப் போரில் இறந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. அதன் பிறகும் இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பிரெஞ்சு ராணுவத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் இருந்தார்கள். ஓய்வூதியத்தோடு திரும்பியவர்களை நாங்கள் சொல்தா என்போம். 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் வாக்களித்த 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி முழுதாக மாறியது 1962 ஆகஸ்ட் 16. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்று எழுதிக்கொடுத்தவர்களும் உண்டு. அவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் இன்றும் பிரான்ஸ் அதிபர் தேர்தலில் புதுச்சேரியிலிருந்தே ஓட்டுப் போடுகிறார்கள். இன்றைக்கு இந்த ஊரின் பிரெஞ்சுக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள்தான். முனியம்மாவும் அந்துவானும்தான். உங்கள் ‘ஒயிட் டவுன்’ சொல்லுக்குள் அவர்களுக்கு இடமிருக்கிறதா?

பாரதிக்கு 1908-லிருந்து 1918 வரை இந்த ஊர் அடைக்கலம் தந்தது. அவர் குடியிருந்த, இன்று நினைவகமாக இருக்கும் வீடு ஈசுவரன் தர்மராசா கோவில் வீதியில், மேற்கில். பாரதிதாசன் வீடு பெருமாள் கோவில் வீதியில், அதுவும் மேற்கில். கவிதை எழுதிய புதுச்சேரி இந்தப் பக்கம் இருக்கிறது, இலக்கியம் படிக்கிற நீங்களும் வண்டியை அந்தப் பக்கம்தான் நிறுத்துகிறீர்கள்.

*

கடைசி உதாரணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

புதுச்சேரி மில் ஊர். சவானா மில், ரோடியர் மில், கெப்ளே மில் என்று மூன்று பெரிய பஞ்சாலைகள். பிற்காலத்தில் சுதேசி, ஏஎஃப்டி, பாரதி என்று பெயர் மாறின. 1936 கோடையில் பாரிஸில் மக்கள் முன்னணி அரசு வந்தது. அங்கே தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து போராடி, ஜூன் மாதத்தில் வாரத்துக்கு 40 மணி நேர வேலையும் ஆண்டுக்கு 2 வாரம் சம்பளத்தோடு விடுமுறையும் வாங்கினார்கள். பிரான்ஸில் சாதாரண மனிதன் டூர் போக ஆரம்பித்ததே அந்த விடுமுறைக்குப் பிறகுதான் என்று சொல்வார்கள்.

அதே கோடை, அதே குடியரசு. புதுச்சேரி மில் தொழிலாளர்களும் வேலை நேரத்தைக் குறை, சங்கம் வைக்க விடு என்று கேட்டார்கள். வ. சுப்பையா முன்நின்றார். ஜூலை 30 அன்று சவானா மில்லில் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டது. 12 தொழிலாளர்கள் செத்தார்கள். பாரிஸ் தொழிலாளிக்கு விடுமுறை கிடைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்தச் சாவுக்குப் பிறகுதான், 1937-ல், 8 மணி நேர வேலைச் சட்டம் பிரெஞ்சிந்தியாவுக்கு வந்தது.

எங்கள் சுற்றுலாத் துறை வெகுகாலமாக வைத்திருந்த விளம்பர வாசகத்தைத் தமிழில் சொன்னால், ‘நேரத்துக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள்’. இந்த ஊரில் நேரத்துக்கு ஓய்வு கேட்டுச் செத்தவர்கள் 12 பேர். எத்தனை பயணிகளுக்கு அது தெரியும்? அது இருக்கட்டும், எங்கள் ஊர் காலேஜ் பையன்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒவ்வொரு ஜூலை 30-ம் சங்கத்துக்காரர்கள் மாலை போடுகிறார்கள். அத்தோடு சரி. ரோடியர் மில்லாக 1898-ல் தொடங்கிய ஏஎஃப்டி 2011 டிசம்பர் தானே புயலில் நொறுங்கி, தட்டுத்தடுமாறி, 2020-ல் மூடப்பட்டது. கடலூர் சாலையில் அதன் திடல் இப்போது பொதுக்கூட்டத்துக்கும் வண்டி நிறுத்தவும் உதவுகிறது. மூன்று தலைமுறைக்குச் சோறு போட்ட இடம்.

எட்டு மணி நேரம் முடிந்ததும் லேப்டாப்பை மூடிவிட்டு ஈசிஆரில் வண்டியை விடும் என் ஐடி நண்பர்களே, உங்கள் வீக்எண்ட் சும்மா வந்ததில்லை. அதற்கான ரத்தத்தில் கொஞ்சம் நீங்கள் வந்து இறங்கும் இந்த ஊரிலேயே சிந்தியிருக்கிறது. அதை நினைக்க ஒரு போர்டு கிடையாது, ஒயிட் டவுனுக்கு வழிகாட்டத் தெருமுனைக்கு ஒரு போர்டு.

*

‘டூரிஸ்ட் வந்தால்தானே சோறு’ என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். மில் மூடிய ஊரில் விடுதி வேலையும் ஒரு வேலைதான். என் வகுப்பில் படித்தவர்களில் சிலர் அதில்தான் பிழைக்கிறார்கள். ஆனால் அறை வாடகைக்கு எடுப்பவன் பெயருக்காகவா வருகிறான்? கடல் இருக்கிறது, தெரு அழகாயிருக்கிறது, சாப்பாடு நன்றாயிருக்கிறது. பலகையில் துய்மா வீதி என்றோ ரொமேன் ரோலன் வீதி என்றோ எழுதினால் அவன் திரும்பிப் போய்விடுவானா? வெள்ளை என்ற சொல்லைக் கேட்டால்தான் அவனுக்குக் கிளுகிளுப்பு என்றால், அந்தக் கிளுகிளுப்பில் காசு பார்க்க வேண்டுமா என்றுதான் நாம் யோசிக்க வேண்டும்.

‘சும்மா ஒரு பெயர்தானே’ என்பார்கள். பெயர்தான் பணத்துக்கு வழி காட்டுகிறது. எந்தத் தெருவுக்குப் பெயர் இருக்கிறதோ அங்கே சுவருக்குப் பூச்சு, விளக்கு, நடைபாதை. பெயரில்லாத பக்கத்தில் திண்ணை வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து கண்ணாடி போட்ட கடைகளாகின்றன. கடற்கரையையே எடுத்துக்கொள்ளுங்கள். ராக் பீச் என்று கருங்கல்மேல் ஏறி போட்டோ எடுக்கிறீர்கள். அந்தக் கல் இயற்கை கிடையாது. இங்கே மணல் இருந்தது. 1980களின் இறுதியில் தெற்கே துறைமுகத்துக்குப் போட்ட அலைத்தடுப்பு வடக்கே வரும் மணலை மறித்துவிட்டது. மணல் போனதும் கடல் ஊரைத் தின்ன, கல்லைக் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்துக்கு வடக்கே அரிப்பு நகர்ந்தது. அங்கே இருப்பது குருசுக்குப்பமும் வைத்திக்குப்பமும். வலை இழுக்க மணல் இல்லாமல் போனது மீனவருக்கு. அந்த வைத்திக்குப்பத்துக் கடற்கரைக்குத்தான் ஒவ்வொரு மாசி மகத்துக்கும் சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வருகின்றன. எங்கள் ஊர் ஜனம் கடலுக்கு மொத்தமாக வரும் நாள் அது. கூட்டத்தில் மூச்சு முட்டும். அன்றைக்கு எத்தனை பயணிகளை அங்கே பார்த்திருக்கிறீர்கள்?

*

ஆகவே கோரிக்கை சின்னது, காசு செலவில்லாதது. விடுதிக்காரர்கள் தெருப் பெயரை எழுதட்டும். நீலப் பலகைகளில் தமிழிலும் பிரெஞ்சிலும் அழகழகான பெயர்கள் இருக்கின்றன. அரசு தன் காகிதங்களிலும் பலகைகளிலும் அந்தச் சொல் எங்கெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கெல்லாம் எடுக்கட்டும். பாண்டிச்சேரியை 2006-ல் புதுச்சேரி ஆக்கிய அரசுக்கு இது பெரிய வேலை கிடையாது. வெள்ளை நகரம், கறுப்பு நகரம் என்ற வரலாறு அருங்காட்சியகத்தில், இரண்டு பெயரும் பக்கத்துப் பக்கத்தில், ஏன் அப்படி வைத்தார்கள் என்ற விளக்கத்தோடு இருக்கட்டும். எழுதுகிறவர்கள், குறிப்பாக நம் இளம் எழுத்தாளர்கள், காதலர்களைப் புதுச்சேரிக்கு அனுப்பும்போது அந்தச் சொல்லை விட்டுவிட்டு அனுப்பட்டும். வேறு என்ன சொல்வது என்று முழிக்க வேண்டாம். எங்கள் ஊரில் ‘பீச்சாண்ட’ என்போம், ‘பாரதி பூங்கா கிட்ட’ என்போம். வழி தவறிப் போனவர் யாருமில்லை.

அடுத்த முறை வரும்போது எந்த விடுதியாவது உங்களை ‘வெல்கம் டு ஒயிட் டவுன்’ என்று வரவேற்றால், பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். மரியாதையாகவே கேளுங்கள், வரவேற்பில் நிற்கும் பையன் பெரும்பாலும் வாய்க்காலுக்கு மேற்கே இருந்து வேலைக்கு வருபவனாகத்தான் இருப்பான். அவனிடம் கேட்காதீர்கள், முதலாளியைக் கூப்பிட்டுக் கேளுங்கள்: ‘இது ஒயிட் டவுன்னா, வாய்க்காலுக்கு அந்தாண்ட என்ன டவுன் சார்?’